நுனியில் துரு

— என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க.

— துரு புடிச்சாப்ல ஆயிடுச்சுன்னேங்க. எல பூரா நல்ல பச்சை. நுனியில மட்டும் துரு. இந்தாங்க, கையோட ஒரு தொட்டி கொண்டாந்துட்டேன். நான் சொல்றேன் கேளுங்க, அறுநூறு தொட்டி பெர்ன் செடி வெச்சிருக்கேன். அறுநூறும் இதே கதைதான்.

— துரு.

— ஆமாங்க. வேற என்னன்னு சொல்றது?

— ஒண்ணுமில்ல. தொட்டிய அந்தக் கல்லு மேல வைங்க. கிட்ட வராதீங்க. என் கையில இருக்கறது வெதத் தூளு. நீங்க பலமா மூச்சு வுட்டாலே பறந்துடும். அதுக்குத்தான் மூக்கு வாயெல்லாம் துண்டு சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— வெதையா? பெர்ன் செடிக்கு ஏதுங்க வெத? அது பூவே பூக்காதே.

— எலைக்கு அடியில பாருங்க. கோடு கோடா காப்பித்தூள் கலர்ல ஒட்டிக்கிட்டு இருக்குதில்ல, அதான். இது பேர்ட்ஸ் நெஸ்ட் ஜாதி. தெரியாதவங்க பூச்சி முட்டைன்னு நெனச்சு மருந்தடிச்சுப்புடுவாங்க. கத்தி முனையில சொரண்டி காயிதத்துல வாங்கணும்.

— அட சாமி! ஏ அன்பரசி, கேட்டியா? எங்கூட்டுலயும் இந்த ஜாதி ரெண்டு இருந்துச்சுங்க. பூச்சி புடிச்சுக்கிச்சுன்னு இவ சோப்பு போட்டு, தேங்கா நாரு வெச்சு, சட்டி பான வெளக்கறாப்ல தேய்ச்சுட்டா! ஹஹ்ஹா! ரெண்டும் மூணே நாள்ல...

— சிரிக்காதீங்க.

— ஏங்க?

— தூள் பறக்குது பாருங்க. மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்து எடுக்கறது. இதுக்குப் பக்கத்துல யாரும் சிரிக்கக் கூடாது.

— ஏங்க, செத்த மெதுவாத்தான் பேசுங்களேன். அவங்க வேல கெடுது. அக்கா, நான் இந்த பக்கெட்ட கவுத்துப் போட்டு உக்காந்துக்கட்டுங்களா? ரொம்ப நேரம் நிக்க முடியல.

— பக்கெட்டு வேணாம்மா, வழுக்கி வுட்டுடும். அந்த ஸ்டூல இழுத்துக்க. காலுக்கு என்ன?

— முட்டி மடங்க மாட்டேங்குதுங்கக்கா.

— என்ன வயசு உனக்கு?

— நாப்பத்தேழு.

— என் வயசுதான். கழுத்து திரும்புதா?

— அதுவும் இல்லீங்க. பின்னாடி யாராவது கூப்புட்டா ஒடம்போட திரும்பித்தான் பாக்கறேன்.

— அது வாதமுங்க. அவங்க வூட்டுப் பக்கம் எல்லாத்துக்கும் உண்டு. அத வுடுங்க, அது இருக்கறதுதான். செடியப் பாருங்க செடிய. வெள்ளிக்கெழம பெங்களூர்லேர்ந்து ஓட்டல்காரங்க வராங்க. இன்னிக்கு செவ்வா. நடுவுல ரெண்டே நாளு. இந்தத் துருவுக்கு ஒரு மருந்து சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— ஓட்டலுக்கா அறுநூறும்?

— அறுநூறுமுங்க. வாசல்லேர்ந்து மாடி வரைக்கும் தொங்க வுடப் போறாங்களாம். நான் சொல்றேன் கேளுங்க. பாலக்கோட்டு மார்க்கெட்டுல எத்தன வருசம் தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வெறுங்கூடையோட வந்திருக்கேன் தெரியுமா? போதும்டா சாமின்னு இதுல எறங்கினேன். ஊரே சிரிச்சுது. மாயவன் காட்டுல புல்லு வளக்கறான்னு சொன்னாங்க. நான் வுடுவனா? வெள்ளிக்கெழம வாங்கடா, பெங்களூர்க்காரன் கார் போட்டுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போறதப் பாருங்கடான்னு அத்தன பேரையும் கூப்புட்டு வெச்சிருக்கேன். பந்தல் போட்டு, டீக்கு பால் கூட சொல்லியாச்சு.

— அத்தன பேரு முன்னாடி.

— ஆமாங்க. ஓட்டல்காரன் வந்து எலையத் திருப்பிப் பாத்துட்டு, சீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னான்னு வைங்க, அப்புறம் நான் அந்த ஊர்ல தல நிமிந்து நடக்க முடியாது.

— ம். ஒரு வார்த்த போதும்.

— அதத்தான் சொல்றேன்.

— செடி எங்க வாங்கினீங்க?

— ஒசூர் பக்கம். கன்னுல வாங்கி எட்டு மாசம் வளத்தது. மொத அஞ்சு மாசம் சும்மா தளதளன்னு இருந்துச்சுங்க. இந்த மூணு மாசமாத்தான் இந்தக் கேடு.

— வெயிலுக்கு மேல வலை கட்டியிருக்கீங்களா?

— பச்ச வலை, ரெண்டு அடுக்கு.

— சூப்பர் பாஸ்பேட் ஒரம் போட்டீங்களா?

— வாசனை கூட காட்டல. ஒசூர்க்காரன் அப்பவே சொல்லிட்டான், அது ஆவாதுன்னு.

— தண்ணி?

— அங்கதாங்க மாயவன் கெட்டிக்காரன்! எங்க ஊரு போர் தண்ணிய இதுக்கு ஊத்தக் கூடாதுன்னு அவன் சொன்னானா, நான் ஒரு சொட்டு அதுல படவுடல. வாரத்துக்கு ரெண்டு லோடு, டவுன்லேர்ந்து வடிகட்டின தண்ணி. தனியா டேங்கு, தனியா பைப்பு. பெத்த புள்ளைய வளக்கறாப்ல வளக்கறேன்.

— நெசமாவா? வடிகட்டின தண்ணியா?

— சத்தியமாங்க.

— அப்ப இந்த நுனி இப்புடி ஆவக் கூடாதே.

— அதத்தானுங்க நானும் கேக்கறேன்!

— வூட்டுக்கு என்ன தண்ணி?

— வூட்டுக்கு என்ன, போர் தண்ணிதான். மனுசனுக்குப் பழகிடுதுங்க, செடிக்குத்தான் பழக மாட்டேங்குது. ஆயிரத்தி எரநூறு அடி போரு. இவள கட்டிக்கிட்டு வந்த வருசம் போட்டது. அதுக்கு முன்னாடி எங்கப்பாரு காலத்துக் கெணறு இருந்துச்சு, வத்திப் போச்சு.

— அக்கா, அந்த வடிகட்டின தண்ணி கொழந்தைங்களுக்கு...

— ஏ, நீ சும்மா இரு. இத வூட்டுல பேசி முடிச்சாச்சில்ல? எம் பொண்ணு வந்து நாலு மாசமாச்சுங்க. மாப்ள துபாய் போயிட்டாரு, ரெண்டு வருசத்துக்கு அவ இங்கதான். மூணு வயசுல ஒரு பேத்தி. அது வந்த நாள்லேர்ந்து இவளுக்கு ஒரே நச்சு, பாப்பாவுக்கு அந்தத் தண்ணியில ரெண்டு கொடம் குடு, ரெண்டு கொடம் குடுன்னு. செடிக்கே பத்தலன்னேன். நான் குடிக்கல? நீ குடிக்கல? செத்தா போயிட்டோம்?

— நீ என்னம்மா சொன்ன அதுக்கு?

— நான் என்னங்கக்கா சொல்றது. சரின்னேன்.

— ம்.

— என்னங்க ம்? மருந்து சொல்லுங்க. ஏங்க, நீங்க கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்தா நல்லாருக்கும். வந்ததுலேர்ந்து துண்டக் கட்டிக்கிட்டு போலீஸ் விசாரண கணக்கா கேக்கறீங்க.

— சிரிச்சா தூள் பறக்கும்னு சொன்னேனே.

— ஹஹ்ஹா! இல்ல, சிரிக்காதன்னு சொல்ற எடத்துக்கு இப்பத்தான் மொத வாட்டி வரேன். இதே பக்கம், பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்ட, சிரி சிரின்னு கெஞ்சின கத ஒண்ணு உண்டுங்க.

— ஏங்க, அது எதுக்கு இப்ப?

— அட போ, அம்மா செத்த நேரம் கேக்கட்டும், மனசு லேசாவும். நான் எளவட்டமா இருக்கறப்ப பொண்ணு பாக்க வந்தோமுங்க. இவளப் பாக்கறதுக்கு முன்னாடி. பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. ஒசரம், கலரு, எல்லாம் சரி. ஆனா வாயத் தொறக்கவே இல்ல. எங்க மாமா ஒருத்தரு சும்மா இருக்க மாட்டாரு, பொண்ணு சிரிச்சாத்தான் குணம் தெரியும், சிரிக்கச் சொல்லுங்கன்னுட்டாரு.

— சிரிச்சுதா?

— எங்க? தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அவங்க ஆத்தா வந்து, சிரி புள்ள, சிரி புள்ளன்னு தோளப் புடிச்சு உலுக்குது. கடைசில சிரிச்சுது பாருங்க, அத்தன பல்லும் காவி! பட்டை பட்டையா! நமக்கு வாய் சும்மா இருக்குமா? இது பல்லா, துரு புடிச்ச ஆணியான்னேன். அவ்ளோதான். பந்தல்ல உக்காந்திருந்தவங்க, வேலிக்கு அந்தாண்ட எட்டிப் பாத்துக்கிட்டு நின்ன பொம்பளைங்க, அத்தன பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அதோட எந்திரிச்சோம். வெச்ச பஜ்ஜியக் கூட தொடலீங்க.

— தொட்டீங்க.

— ஆங்?

— மூணு தின்னீங்க. வாழக்கா பஜ்ஜி. நாலாவதக் கையில எடுத்துக்கிட்டுத்தான் எந்திரிச்சீங்க. வண்டி கெளம்பறப்ப அத எங்க வாசல்லயே வீசிட்டுப் போனீங்க.

— உங்க... எங்க வாசல்னா?

— இருங்க. இந்தத் தூளை மடிச்சு வெச்சுடறேன். இத்தன வருசம் காத்திருந்தேன், இன்னும் ஒரு நிமிசம் ஒண்ணும் ஆயிடாது. ஆச்சு. இப்பத் துண்ட அவுக்கறேன். பாருங்க. நல்லாப் பாருங்க. அன்னிக்கு தூரத்துலேர்ந்து பாத்தது, இன்னிக்குக் கிட்ட வந்து பாருங்க.

— அய்யோ.

— பல்லா, ஆணியா?

— ஏம்மா... ஏங்க... நீங்க அந்த...

— பேரச் சொல்லுங்க.

— பேரு... பேரு வந்து...

— தெரியாது. பொண்ணு பாக்க வந்த ஆளுக்கு பொண்ணு பேரு தெரியாது. நீங்க ஒரு பேரு வெச்சுட்டுப் போனீங்களே, அதுதான் சுத்துப்பட்டு பூரா நின்னுச்சு. துருப்பல்லு. தண்ணிக்குப் போனா துருப்பல்லு வருது, பஸ்ஸுல ஏறினா துருப்பல்லு ஏறுது. ரேசன் கடையில வரிசையில நின்னா, துருப்பல்லுக்கு எண்ண ஊத்துப்பா, ஆணிக்குப் போடட்டும். சின்னப் பசங்க ஆணிய எடுத்துக்கிட்டு வந்து எங்க வூட்டுக் கதவுல அடிச்சாங்க. எம் பேரு பாஞ்சாலி. இருவத்தேழு வருசம் கழிச்சாவது தெரிஞ்சுக்கங்க.

— வயசுல ஏதோ வாய் தவறி...

— வாய் தவறல. இன்னிக்கும் அதே கதைய அதே ருசியோட சொன்னீங்களே, இப்பவுமா வாய் தவறிச்சு? அதுக்கப்புறம் எனக்கு ஒரு சம்பந்தம் வரல. வந்தவங்களும் பஸ்ஸ்டாண்டுல விசாரிச்சுட்டு அப்புடியே திரும்பிட்டாங்க. எங்க ஆத்தா என்ன உலுக்கி உலுக்கி சிரிக்க வெச்ச கைய, சாவற வரைக்கும் பாத்துப் பாத்து அழுதுச்சு. நான் அன்னிக்குச் சிரிச்சதுதான். பல்லு மாத்திக்கச் சொல்லி, ஒசூர்ல நான் வேல பாத்த நர்சரியில எத்தன பேரு சொன்னாங்க. வசதி வந்தும் மாத்தல. என்னிக்காவது நீங்க வருவீங்க, அன்னிக்குக் காட்டணும்னு வெச்சிருந்தேன்.

— தப்புதாங்க. தப்புதான். நான் இல்லேங்கல. பெரிய மனசு பண்ணி...

— பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லீங்க. சின்ன மனசுதான். கருப்பு மனசு. நீங்க வந்து தொட்டிய வெச்சு, துருன்னு சொன்னீங்களே, அப்பவே உங்க கொரலு தெரிஞ்சு போச்சு. எனக்கு அப்புடியே ஒடம்பெல்லாம் குளுந்து போச்சு. சந்தோசத்துல.

— அதுக்கு இதுக்கு முடிச்சு போடாதீங்கம்மா. இது பொழப்பு.

— அது பொழப்பு இல்லையா? அப்ப கேளுங்க. உங்க செடிக்கு என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு பார்வையில தெரிஞ்சுது. சொல்ல மாட்டேன். வெள்ளிக்கெழம பந்தல்ல அத்தன பேரும் உக்காந்திருப்பாங்க. ஓட்டல்காரன் எலையத் தூக்கிப் பாப்பான். பாத்துட்டு, இது செடியா, துரு புடிச்ச தகரமான்னு கேப்பான். கேக்கணும். உங்க ஊரு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கணும். நானும் வரேன். டீக்குப் பால் சொல்லியிருக்கீங்கல்ல, எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைங்க.

— ஏ அன்பு, நீயாவது சொல்லேன். பொம்பளைக்குப் பொம்பள...

— நான் என்னத்தங்க சொல்ல? அவங்க சொல்றதுல என்ன தப்பு இருக்குது?

— நீ என்ன இப்புடிப் பேசற?

— சரிம்மா, நீ வுடு. ஏங்க, மருந்து வேணுமா உங்களுக்கு?

— வேணுமுங்க. என்ன கேட்டாலும் செய்யறேன்.

— சிரிங்க.

— என்னது?

— சிரிங்க. நான் உங்க பல்லப் பாக்கணும். குணம் தெரியணும்ல? எந்திரிச்சு நில்லுங்க. வெளிய கேட்டுக்குப் பக்கத்துல வண்டியில தொட்டி ஏத்தறவங்க நாலு பேரு நிக்கறாங்க, அவங்க பக்கம் திரும்பிச் சிரிங்க. கலைமணி, மாது, எல்லாரும் இந்தாண்ட வந்து வேடிக்க பாருங்கப்பா!

— எதுக்குங்க அவங்கள எல்லாம்...

— சிரி புள்ளன்னு உலுக்கணுமா?

— ஹி... ஹிஹி.

— பத்தல. அன்னிக்கு என் கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரிஞ்சுது உங்களுக்கு. தொறங்க வாய.

— ஹஹ்... ஹஹ்ஹா. போதுமாங்க? கண்ணுல தண்ணி வருதுங்க எனக்கு.

— வரட்டும். எனக்கும் வந்துச்சு. ம், நல்லாத்தான் இருக்கு. வெள்ளப் பல்லு. உங்கப்பாரு கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்த பல்லு. போங்கப்பா, அவ்ளோதான், போயி வேலையப் பாருங்க. நீங்களும் தொட்டியத் தூக்கிட்டுக் கெளம்புங்க.

— மருந்து? மருந்து சொல்றேன்னீங்களே!

— வேணுமான்னுதான் கேட்டேன். குடுக்கறேன்னு சொன்னேனா?

— இது அநியாயம்! சிரிக்க வெச்சுட்டு அனுப்பறது அநியாயமுங்க!

— அநியாயந்தான். நீங்க இப்பச் சொல்லிட்டீங்கல்ல, எனக்கு அது போதும்.

— அக்கா.

— உம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீயும் போ.

— போறேங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இங்க வரலாம்னு அவரக் கூட்டியாந்தது நான்தான். அவரு தர்மபுரியில மருந்துக் கடைக்குப் போலாம்னாரு. நான்தான் பாப்பாரப்பட்டி ரோட்டுல ஒரு அம்மா இருக்காங்க, பெர்னுக்கு அவங்கள வுட்டா ஆளு இல்லேன்னு சொன்னேன்.

— நான் யாருன்னு தெரியுமா உனக்கு?

— தெரிஞ்சுதான் கூட்டியாந்தேன். இந்தக் கதைய அவரு காதுகுத்துக்குப் போனாலும் சொல்லுவாரு, கருமாதிக்குப் போனாலும் சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு, யாரு அந்தப் பொண்ணுன்னு நான் விசாரிச்சு வெச்சிருந்தேன்.

— ஏ! தெரிஞ்சே என்ன இங்க கொண்டாந்து நிறுத்தினியா?

— செத்த சும்மா இருங்க. இன்னிக்கு நான் பேசிக்கறேன். அக்கா, எம் பல்லப் பாருங்க. வெள்ளையா இருக்குதா? மொரப்பூர்ல பொறந்தவ நான். எண்ணி எண்ணிப் பாத்துட்டுத்தான் என்னக் கட்டினாரு. எம் பொண்ணுக்கு ஏழு வயசுல பால் பல்லு வுழுந்து புதுப் பல்லு மொளச்சுது. பூராவும் காவி. அன்னிக்கு இவரு என்னக் கேட்டாரு, எங்க வம்சத்துல இல்ல, உங்க வம்சத்துல இல்ல, இது யாரு பல்லுடீன்னு. வூடு நெறைய சொந்தக்காரங்கள வெச்சுக்கிட்டுக் கேட்டாரு.

— அது ஏதோ கோவத்துல...

— யாரு பல்லுன்னு கேட்டாரா?

— ஆமாங்கக்கா. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பதினெட்டு வருசமா இல்ல. இப்ப பாப்பா வந்திருக்குது. மூணு வயசு. இன்னும் பால் பல்லுதான். அங்கன்வாடியில ஒரு நர்சம்மா சொன்னாங்க, தண்ணிதான் காரணம்னு. நான் சொன்னா இவரு நம்ப மாட்டாரு. நர்சு சொன்னாலும் நம்ப மாட்டாரு. செடிக்காரங்க சொன்னா நம்புவாரு. மருந்து வேணாங்கக்கா, இந்த எல நுனிக்கு என்னன்னு மட்டும் அவரு காது கேக்கச் சொல்லுங்க.

— அதச் சொன்னா இவரு செடி பொழச்சுக்குமே, அன்பரசி. இருவத்தேழு வருசங் கழிச்சு எனக்குக் கெடச்சது இது ஒண்ணுதான்.

— தெரியும்கா. ஆனா இப்பப் பாப்பா குடிக்கறதுதான் நாளைக்கு அது பல்லுல தெரியும். அதையும் எவனாவது ஒருத்தன் வந்து சிரிக்கச் சொல்லுவான்.

— அந்தத் தொட்டியக் குடு. ஏங்க, இங்க வாங்க. கிட்ட வாங்க, இப்பத் தூள் இல்ல. இந்த நுனியப் பாருங்க. இப்ப எம் பல்லப் பாருங்க. ரெண்டும் ஒரே கலரு இல்ல?

— ஆ... ஆமாங்க.

— ஒரே நோவு. ஒசூர்ல நான் வேலைக்குச் சேந்த புதுசுல நாலு பெர்னு கன்னு வூட்டுக்குக் கொண்டாந்து எங்கூர் அடிபம்புத் தண்ணி ஊத்தினேன். ரெண்டே மாசத்துல நுனி பூரா இப்புடி. மொதலாளியம்மா பாத்துட்டு, உங்க ஊரு தண்ணியில ஃப்ளோரைடு இருக்குது, அது எல நுனியில போயி தங்கி எரிச்சுடுதுன்னாங்க. நான் ஓடிப் போயி கண்ணாடியில எம் பல்லப் பாத்தேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என் வம்சத்து மேலயும் குத்தம் இல்ல, எம் மேலயும் குத்தம் இல்ல. சின்ன வயசுல குடிச்ச தண்ணி. உங்க பொண்ணு பல்லும் அதுதான். யாரு பல்லுன்னு கேட்டீங்கல்ல, உங்க ஆயிரத்தி எரநூறு அடி போரோட பல்லு. அன்பரசிக்கு இருக்கறது வாதம் இல்ல. பெரியவங்க வருசக்கணக்காக் குடிச்சா எலும்புல போயி தங்கும். முட்டி மடங்காது, கழுத்து திரும்பாது.

— என்னங்க சொல்றீங்க? அப்ப இவ முட்டி...

— உங்க போருதான்.

— எம் பொண்ணு பல்லு...

— உங்க போருதான்.

— சரிங்க. சரி. வூட்டுக்குத்தான் போர் தண்ணி, ஒத்துக்கறேன். ஆனா செடிக்கு நான் ஊத்தவே இல்லையே! டேங்கு தனி, பைப்பு தனி, வாரத்துக்கு ரெண்டு லோடு நல்ல தண்ணி எறக்கறேனே! செடிக்கு எப்புடி இது வந்துச்சு?

— அதாங்க நீங்க வந்ததுலேர்ந்து எனக்கும் புரியல. போர் தண்ணி குடிக்காம இந்தத் துரு வராது. மாசக்கணக்கா குடிச்சிருக்கணும். செடிக்கு தண்ணி வுடறது யாரு, நீங்களா?

— எனக்கு ஏதுங்க நேரம்? இவதான். காலையில சாயந்தரம் ரெண்டு வேளையும் இவதான் வுடுவா.

— அன்பரசி?

— நான்தாங்கக்கா. பாப்பா வந்த அன்னிலேர்ந்து செடிக்கு வூட்டுத் தண்ணி, பாப்பாவுக்கு செடித் தண்ணி.